மொட்டை மாடியிலிருந்து பார்த்த இரண்டு விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் நாங்கள் இருப்பது முருகேஷ்பாளையா. பழைய விமான நிலையத்தின் சுவர் இங்கிருந்து நடக்கிற தூரம். 2008 மே மாதம் தேவனஹள்ளிக்குப் புது நிலையம் போகும்வரை பயணிகள் விமானங்கள் எல்லாம் இந்தப் பக்கமாகத்தான் சக்கரத்தை விரித்துக்கொண்டு இறங்கின. இப்போது இங்கே எச்ஏஎல் என்ற அரசு விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் சோதனை விமானங்கள், ஹெலிகாப்டர்கள், பெரிய இடத்து ஆட்களின் தனி விமானங்கள். தேவனஹள்ளிக்குப் போகிற, அங்கிருந்து வருகிற பெரிய விமானங்களும் உயரத்தில் கடந்து போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வடாம் எடுக்க மாடிக்குப் போன எதிர்வீட்டுப் பாட்டி, "ஐயோ ரெண்டும் முட்டிக்கப் போகுதே!" என்று கத்தினார். பக்கத்து மாடிப் பையன் வீடியோ எடுத்துவிட்டான். இருட்டுவதற்குள் தெருவின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் எழுபது செய்தி. நான் இருபது வருஷத்துக்கு முன்பு விமானப் பயிற்சியில் சேர்ந்து, காசு தீர்ந்து பாதியில் விட்டவன். இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. ஆனாலும் தெருவுக்கு நான்தான் பைலட். எல்லோரும் கேட்டதையும் நான் சொன்னதையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

நாங்கள் பார்த்தது மோதல் தப்பியதுதானே அண்ணா?

இல்லை தம்பி. வீடியோவில் பெரிய விமானமும் சின்ன விமானமும் ஒரே அளவில் தெரிகின்றன. சந்தேகம் அங்கேயே வரவேண்டும். ஏர்பஸ் ஏ320 கிட்டத்தட்ட 37.5 மீட்டர் நீளம். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 எட்டே கால் மீட்டர். நாலரை மடங்கு வித்தியாசம். இரண்டும் கண்ணுக்கு ஒரே நீளமாகத் தெரிந்தால் பெரியது நாலரை மடங்கு தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். சின்னது தலைக்கு மேல் 1,500 அடியில் இருந்தால் பெரியது 6,800 அடிக்குப் பக்கத்தில். நடுவே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வெறும் காற்று.

தரையிலிருந்து பார்க்கும்போது உயர வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. நிலவின் குறுக்கே கொக்கு பறந்தால் கொக்கு நிலவில் மோதிவிட்டதாகச் சொல்ல மாட்டோம். கொக்கின் அளவு நமக்குத் தெரியும், அதனால்.

பிறகு எப்போதுதான் 'நூலிழையில் தப்பியது' என்பார்கள்?

பத்திரிகைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் சொல்வார்கள். துறையில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தைப் பிரித்துத்தான் பேசுவார்கள்.

முதலாவது, இடைவெளி மீறல். ரேடாரில் பார்த்து நடத்தும்போது இரண்டு பெரிய விமானங்களுக்கு நடுவே மேலும் கீழுமாக 1,000 அடி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கவாட்டில், நிலையத்தை ஒட்டிய பகுதியில் 3 கடல் மைலும் தொலைதூரப் பாதையில் 5 கடல் மைலும் இருக்க வேண்டும். ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் குறைந்தால் மீறல். நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் அது மீறல்தான். பயணிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இரண்டாவது, 'ஏர்பிராக்ஸ்'. விமானியோ கட்டுப்பாட்டு அறையோ, 'தூரம், வேகம், போன திசை இதையெல்லாம் பார்த்தால் பாதுகாப்பு கெட்டிருக்கலாம்' என்று நினைக்கிற நிலை. திருப்பியோ ஏற்றி இறக்கியோ மோதலைத் தவிர்க்க வேண்டி வந்திருந்தால், விபத்து நடக்காவிட்டாலும் அது கடுமையான சம்பவம் என்ற வகையில் போய்விடும்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால், 2022 ஜனவரியில் தேவனஹள்ளியில் இரண்டு பயணிகள் விமானங்கள் இணையான இரண்டு ஓடுபாதைகளிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பி, மேலே ஏறியதும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கின. ரேடார் கண்ட்ரோலர் பார்த்துத் திருப்பிவிட்டார். இரண்டுமே பெரியவை, இரண்டுமே ரேடாரில் பளிச்சென்று தெரிந்தவை. அதனால்தான் திருப்ப முடிந்தது. நான் சொல்ல வருகிற விஷயம் இந்தத் 'தெரிவது' பற்றியதுதான். மேலே படியுங்கள்.

சின்ன விமானத்தைப் பெரிய விமானம் போகிற இடத்தில் எதற்கு விடுகிறார்கள்?

நியாயமான கேள்வி. தேவனஹள்ளிக்குப் போகும்போது ஹெப்பாள் தாண்டியதும் பெல்லாரி சாலையோரம் ஜக்கூர் விமானத்தளம் வரும். கர்நாடக அரசின் பறக்கும் பயிற்சிப் பள்ளி அங்கேதான். 1940களின் கடைசியில் தொடங்கியது. அதைத் தாண்டினால் எலஹங்கா விமானப்படைத் தளம். அதற்கும் மேலே போனால் பன்னாட்டு நிலையம். இந்தப் பக்கம் எச்ஏஎல். ஒரே ஊருக்குள் நாலு ஓடுபாதைத் தளம். மும்பையிலும் இதே கதை. 1928இல் வந்த ஜுஹு தளத்துக்கும் சாந்தாகுரூஸ் பெரிய நிலையத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். 1972இல் ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜுஹுவிலேயே இறங்கி, பாதை போதாமல் ஓடிப் போய் உடைந்தது. சின்னத் தளங்கள் முதலில் வந்தவை. ஊரும் பெரிய நிலையமும் பிறகு வந்தன. யாரை எங்கே போகச் சொல்வது?

எனவே வானத்தைப் பாகம் பிரித்துக் கொடுக்கிறார்கள். பயிற்சி விமானத்துக்கு இந்தப் பகுதி, இவ்வளவு உயரம், இதைத் தாண்டாதே என்று. ஆனால் பாகப் பிரிவினை மட்டும் போதாது. ஒரே வானத்தில் இரண்டு விதமான ஆட்கள் பறக்கிறார்கள். ஒருவர் கருவியைப் பார்த்துப் பறக்கிறவர். மேகமோ இருட்டோ அவருக்குக் கவலையில்லை, கட்டுப்பாட்டு அறை சொல்கிற வழியில் போவார். பயணிகள் விமானம் இப்படித்தான். இன்னொருவர் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர். இந்தியாவில் இவர் சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் பின்பு வரைக்கும்தான் பறக்கலாம். மேகத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும். மோதாமல் போவது இவர் கண் பொறுப்பு.

'டி' வகுப்பு என்று ஒரு வான்பகுதி வகை உண்டு. அதில் கருவிக்காரர் இருவருக்கு நடுவே இடைவெளி விடுவது கட்டுப்பாட்டு அறையின் கடமை. கருவிக்காரருக்கும் கண்ணுக்காரருக்கும் நடுவே அப்படி இல்லை; 'உன் பத்து மணித் திசையில் (கடிகாரக் கணக்கில் இடது முன்பக்கம்) ஒரு செஸ்னா இருக்கிறது' என்று தகவல் கொடுத்தால் போதும், பார்த்து விலகிக்கொள்வது விமானிகள் பாடு. மேலே ஏறிய பிறகும் கண்ணுக்காரர்கள் 500இல் முடிகிற உயரங்களிலும் கருவிக்காரர்கள் முழு ஆயிரங்களிலும் போவதுதான் பொது வழக்கம். அதாவது இருவருக்கும் நடுவே விதிப்படியே 500 அடிதான்.

உயரத்தை எப்படி அளப்பார்கள்? மீட்டரே தப்பாகக் காட்டினால்?

காற்றழுத்தத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். அன்றைய அழுத்தத்தைக் கேட்டுக் கருவியில் திருகி வைக்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) பிசகினால் கிட்டத்தட்ட 27லிருந்து 30 அடி பிசகும். 1013க்குப் பதிலாக 1003 என்று காதில் விழுந்தால் 300 அடி போச்சு. மேலே சொன்ன 500 அடியில் பாதிக்கு மேல்.

இன்னொன்று. பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. '5,000 அடியில் பறக்கிறது' என்று ரேடியோவில் கேட்டால் நம் தலைக்கு மேல் 2,000 அடிதான். செயலியில் உயரம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த மூவாயிரத்தைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

ரேடார் இருக்கிறதே, அதில் எல்லாம் தெரிந்துவிடாதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ரேடாரில் இரண்டு வகை. முதல் வகை, அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பது. ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளி விழும். அது யார், எவ்வளவு உயரம், ஒன்றும் தெரியாது. இரண்டாம் வகை, கேள்வி கேட்பது. 'நீ யார், எத்தனை உயரம்?' என்று தரையிலிருந்து ஒரு கேள்வி போகும். விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி பதில் சொல்லும். பதில் வந்தால்தான் திரையில் பெயரும் உயரமும் எழுத்தாக வரும்.

பழைய செஸ்னாவில் அந்தப் பெட்டி டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு முகப்பு. நாலு இலக்க எண் வைக்க நாலு திருகு. ஒவ்வொன்றிலும் 0 முதல் 7 வரைதான். 8, 9 கிடையாது. அதனால் மொத்தம் 4,096 எண்கள். அவற்றில் 7700 வைத்தால் ஆபத்து, 7600 என்றால் ரேடியோ போச்சு, 7500 என்றால் கடத்தல். ஓரத்தில் இன்னொரு திருகு: ஆஃப், ஸ்டாண்ட்பை, ஆன், ஆல்ட். ஸ்டாண்ட்பையில் பெட்டி சூடாக இருக்கும், வாய் திறக்காது. ஆனில் எண்ணை மட்டும் சொல்லும், உயரம் சொல்லாது. ஆல்ட்டில் வைத்தால்தான் உயரமும் சேர்ந்து போகும். விரல் நுனி அளவுத் திருகு, நடுவே ஒரு சின்ன 'கிளிக்'. இந்தப் பக்கத்தில் வருகிற பாதி விஷயம் அந்த ஒரு கிளிக்கைப் பற்றியது.

ஏதோ மெஷின் தானாகவே எச்சரிக்குமாமே?

டிகாஸ். மோதல் தவிர்ப்புக் கருவி. தரையை நம்பாமல் விமானமே அக்கம்பக்கத்து டிரான்ஸ்பாண்டர்களிடம் நொடிக்கு ஒரு தடவை போலக் கேள்வி கேட்டு, பதில் வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தையும், பதிலில் இருக்கும் உயரத்தையும் கணக்குப் போடும். திரையில் தூரத்து விமானம் வெறும் வைரக் கட்டமாக இருக்கும். நெருங்கினால் மஞ்சள் வட்டம். 'டிராஃபிக், டிராஃபிக்' என்று குரல் வரும். இன்னும் நெருங்கினால் சிவப்புச் சதுரம். 'கிளைம்ப், கிளைம்ப்' அல்லது 'டிசெண்ட், டிசெண்ட்' என்று உத்தரவே போடும். மோதுவதற்கு 15லிருந்து 35 நொடி வரை இருக்கும்போது இந்த உத்தரவு வரும், உயரத்தைப் பொறுத்து. விமானி 5 நொடிக்குள் செய்தாக வேண்டும். இடது வலது சொல்லாது, மேலே கீழே மட்டும்தான்.

அடுத்த விமானத்திலும் டிகாஸ் இருந்தால் இரண்டும் தங்களுக்குள் பேசி ஒன்று ஏற, ஒன்று இறங்க முடிவு செய்துகொள்ளும். செஸ்னாவில் பெரும்பாலும் டிகாஸ் இருக்காது. இருக்க வேண்டியதுமில்லை. ஆனால் அதன் டிரான்ஸ்பாண்டர் ஆல்ட்டில் இருந்தால் பெரிய விமானத்தின் டிகாஸ் அதைப் பார்த்துத் தன்பாட்டில் விலகிக்கொள்ளும். ஆனில் மட்டும் இருந்தால் 'ஏதோ பக்கத்தில் இருக்கிறது' என்று மஞ்சளோடு நின்றுவிடும். உயரம் தெரியாமல் ஏறு, இறங்கு என்று எப்படிச் சொல்லும்? ஸ்டாண்ட்பையில் இருந்தால் அந்த செஸ்னா உலகத்திலேயே இல்லை. திரை சுத்தமாக இருக்கும். கோடி கோடியாகப் போட்டு வாங்கிய விமானத்தின் கடைசிப் பாதுகாப்பு, எதிரே வருகிற பயிற்சி மாணவன் ஒரு திருகைச் சரியாக வைத்தானா என்பதில் தொங்குகிறது.

கண்ட்ரோலர் இறங்கு என்கிறார், டிகாஸ் ஏறு என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

டிகாஸ் பேச்சை. 2002 ஜூலை 1ஆம் தேதி ஜெர்மனி எல்லையில் யூபர்லிங்கன் மேலே ஒரு விமானம் கண்ட்ரோலர் பேச்சைக் கேட்டு இறங்கியது, இன்னொன்று டிகாஸ் பேச்சைக் கேட்டு இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இதில் பேச்சே இல்லை.

விமானிகள் முன் கண்ணாடி வழியாகப் பார்க்க மாட்டார்களா?

பார்ப்பார்கள். பார்த்தாலும் தெரியாது. இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

10,000 அடிக்குக் கீழே பெரிய விமானத்தின் வேக வரம்பு பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல். செஸ்னா 100 நாட் என்று வையுங்கள். நேருக்கு நேர் வந்தால் 350 நாட், மணிக்கு 648 கிலோமீட்டர், நொடிக்கு 180 மீட்டர். எதிரே இருப்பதைக் கண்டு, அது விமானம் என்று புரிந்து, மோதும் என்று உணர்ந்து, கையை அசைத்து, விமானம் திரும்ப ஆரம்பிக்க சுமார் 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறை சொல்கிறது. 12.5 நொடியில் 2,250 மீட்டர் போய்விடும். ஆக, இரண்டே கால் கிலோமீட்டரில் பார்த்தே ஆக வேண்டும். அந்தத் தூரத்தில் செஸ்னாவின் 11 மீட்டர் இறக்கை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டி ஒரு பொன்னி அரிசியைப் பிடியுங்கள். அதில் பாதி. அதுவும் இறக்கையின் நீளம் மட்டும். நேராகப் பார்த்தால் இறக்கை கோடு மாதிரி மெலிசு. கீழே ஒயிட்ஃபீல்டின் கண்ணாடிக் கட்டடங்கள் மின்னிக்கொண்டிருக்கின்றன. அதற்கு நடுவே வெள்ளை நிறத்தில் பாதி அரிசி.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நம் கண் அசைவதைத்தான் பிடிக்கும். மோதப் போகிற விமானம் கண்ணாடியில் அசையாது. இரண்டும் வேகமும் திசையும் மாறாமல் ஒரே புள்ளியை நோக்கிப் போகும்போது, அது கண்ணாடியில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரிதாக மட்டும் ஆகும். கடைசிச் சில நொடிகளில் திடீரென்று ஊதிப் பெருக்கும். நகர்ந்து போகிற விமானத்தால் ஆபத்தில்லை. நகராததுதான் ஆபத்து. கண்ணாடியில் செத்த பூச்சி ஒட்டியிருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகூட வரலாம். பயிற்சியில் தலையை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்வார்கள். அப்போது கோயில் மாடு மாதிரி இருக்கிறதே என்று சிரித்திருக்கிறோம்.

1978 செப்டம்பர் 25, அமெரிக்காவில் சான் டியேகோ. தெளிவான காலை. பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஒரு செஸ்னா 172 இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறை சொல்கிறது. பார்த்துவிட்டோம் என்கிறார்கள் விமானிகள். பிறகு கண்ணிலிருந்து தவறவிடுகிறார்கள். கடந்து போயிருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். செஸ்னா அவர்கள் மூக்குக்குக் கீழே, முன்னால், அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. 144 பேர் இறந்தார்கள், தரையில் இருந்த 7 பேரையும் சேர்த்து.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

பெரிய விமானங்கள் இரண்டு மோதியது நடந்திருக்கிறது. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. சவூதி விமானம் டெல்லியிலிருந்து கிளம்பி 14,000 அடிக்கு ஏறுகிறது. கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்கு இறங்குகிறது. இறங்கியது 15,000இல் நிற்கவில்லை. 349 பேர், இரண்டிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. வானத்தில் நடந்த மோதல்களில் உலகத்திலேயே இதுதான் பெரியது. டெல்லியில் அன்று கண்ட்ரோலர் முன்னால் இருந்தது முதல் வகை ரேடார். புள்ளி தெரியும், உயரம் தெரியாது. விமானி சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. இரண்டு விமானங்களிலும் டிகாஸ் இல்லை. அதற்குப் பிறகுதான் இரண்டாம் வகை ரேடார், வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதை, பெரிய விமானங்களுக்குக் கட்டாய டிகாஸ் எல்லாம் வந்தது.

பெரியதும் சின்னதும் மோதியதற்குத் தெளிவான பாடம் 1986 ஆகஸ்ட் 31, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் செரிட்டோஸ். ஏரோமெக்சிகோவின் டிசி-9 பயணிகள் விமானமும் பைப்பர் என்ற ஒரு குட்டி விமானமும். பைப்பர் அனுமதியில்லாமல் தடுக்கப்பட்ட பகுதிக்குள் வந்துவிட்டது. அதன் டிரான்ஸ்பாண்டர் எண்ணைச் சொன்னது, உயரத்தைச் சொல்லவில்லை. 82 பேர், அதில் 15 பேர் தங்கள் வீட்டில் இருந்தவர்கள். இதன் பிறகுதான் அமெரிக்காவில் பெரிய நிலையங்களைச் சுற்றிப் பறக்க உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் என்றும், பயணிகள் விமானத்தில் டிகாஸ் கட்டாயம் என்றும் ஆனது.

அப்படியானால் டிகாஸ் இருந்தால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் உத்தரவு போடாது. இறங்குகிற நேரத்தில் 'டிசெண்ட்' என்று சொல்லித் தரையில் முட்ட வைத்துவிடக் கூடாதே. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் ஒரு பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதியது சுமார் 300 அடியில். 'டிராஃபிக், டிராஃபிக்' என்று மட்டும் குரல் வந்தது. 67 பேர். ஹெலிகாப்டர்காரர் விமானத்தைப் பார்த்துவிட்டதாகத்தான் சொல்லியிருந்தார்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும்? சின்னது தானே ஒதுங்கணும்?

நம் ஊர் சாலையில் பிஎம்டிசி பஸ் வந்தால் எல்லோரும் ஒதுங்குகிற மாதிரி வானத்தில் கிடையாது. எஞ்சின் இருக்கிற இரண்டும் விதி முன்னால் சமம். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், யார் தன் வலப்பக்கத்தில் இன்னொருவரைப் பார்க்கிறாரோ அவர் வழிவிட வேண்டும். ஏர்பஸ்ஸின் வலப்பக்கத்தில் செஸ்னா வந்தால் ஏர்பஸ்தான் ஒதுங்கணும். பலூன்காரருக்கு எல்லோரும் வழிவிட வேண்டும், பாவம், அவரால் திரும்ப முடியாது.

மோதாமல் பக்கத்தில் போனால் ஆபத்தில்லையே?

சின்னதுக்கு உண்டு. பெரிய விமானத்தின் இறக்கை நுனியிலிருந்து சுழல்காற்று கயிறு மாதிரி பின்னால் நீண்டு மெல்லக் கீழே இறங்கும். அதற்குள் மாட்டினால் செஸ்னா குப்புறப் புரளும். அதனால்தான் ஏ320 மாதிரி நடுத்தர விமானத்துக்குப் பின்னால் இறங்கும் சின்ன விமானத்துக்கு 5 கடல் மைல் விடுகிறார்கள்.

ட்ரோன் விடுகிறவர்களும் இதில் சேர்த்தியா?

சேர்த்தி. ட்ரோனில் டிரான்ஸ்பாண்டர் இல்லை, டிகாஸுக்குத் தெரியாது, விமானியின் கண்ணுக்கும் தெரியாது. நம் தெரு எச்ஏஎல் சுவர் பக்கம். கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு யாரும் என்னிடம் வராதீர்கள்.

செயலியில் பார்த்தால் அந்தச் சின்ன விமானமே காட்டவில்லையே?

ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் விமானம் தானாக ஒலிபரப்பும் தகவலைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. பழைய பயிற்சி விமானங்களில் அந்த ஒலிபரப்புக் கருவி இருப்பது அபூர்வம். சோதனை, ராணுவ விமானங்களும் அதில் தெரியாமலே போகலாம். செயலியில் இல்லை என்பதற்காகக் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. அதேபோல் செயலியில் இரண்டு பொம்மை ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், தொட்டு உயரத்தைப் பாருங்கள். அப்புறம் குழுவில் போடுங்கள்.

நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால் என்ன தெரியும்?

எதிர்வீட்டுப் பாட்டி கேட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை மகள் வீட்டுக்கு டெல்லி போகிறவர். டிகாஸ் உத்தரவு வந்தால் விமானி நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்வார். வழக்கமாக ஏறும் வேகம்தான், ஆனால் சட்டென்று ஆரம்பிக்கும். லிஃப்ட் குலுங்கிக் கிளம்புகிற மாதிரி வயிற்றில் ஒரு இழுப்பு. பெல்ட் போடாமல் நடைபாதையில் நிற்கிறவருக்கு அடிபடலாம். முக்கால்வாசி நேரம் ஏதோ காற்றுக் குலுக்கல் என்று நினைத்துக் காபியைத் துடைத்துக்கொள்வீர்கள் பாட்டி.

நடந்த பிறகு யார் விசாரிப்பார்கள்?

விமானி ரேடியோவிலேயே சொல்லிவிட்டு, இறங்கியதும் எழுதிக் கொடுப்பார். கட்டுப்பாட்டு அறையும் எழுதும். டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குப் போகும். கடுமையானது என்றால் 2012இல் தனியாக உருவான விமான விபத்து விசாரணைப் பணியகம் எடுத்துக்கொள்ளும். ரேடியோ பேச்சு, ரேடார் பதிவு, விமானத்தின் கறுப்புப் பெட்டி எல்லாவற்றையும் நொடி வாரியாக ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். மாடியில் எடுத்த வீடியோவுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை, மன்னிக்கவும்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா அண்ணா?

ஒரு தடவை. எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, பெங்களூர் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று பயணிகள் விமானம் வந்து போகும் சின்ன நிலையம். ரேடார் கிடையாது. டவரில் இருப்பவர் ரேடியோவில் எல்லோரையும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, மனதில் படம் போட்டு நடத்துவார்.

செஸ்னா 152இல் தனியாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி, மங்கலான வெயில். டவர் சொன்னது: ஒரு ஏடிஆர் (இரண்டு விசிறிப் பயணிகள் விமானம்) இறங்கி வருகிறது, பார்த்தால் சொல். 'லுக்கிங் அவுட்' என்றேன். ஏடிஆரிடமும் என்னைப் பற்றிச் சொன்னார்கள். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் தேடினோம். எனக்கு வானம் முழுக்கக் காலியாக இருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று டவருக்குச் சொன்ன தூரமும் கொஞ்சம் தப்பு, பிறகுதான் தெரிந்தது.

இடது பக்கக் கண்ணாடியில், கதவுக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கறை. அழுக்கு என்று நினைத்தேன். அடுத்து நான் பார்த்தபோது அதற்கு இரண்டு விசிறி இருந்தது. சக்கரம் வெளியே இறங்கியிருந்தது. நான் எதையும் முடிவு செய்ததாக ஞாபகமில்லை. கை தானாகத் தள்ளியது, மூக்கு கீழே போனது, மடியில் இருந்த மேப் கூரையில் ஒட்டியது. ஏடிஆர் என் முன்னால், கொஞ்சம் மேலே, இடமிருந்து வலமாகப் போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. என் எஞ்சின் சத்தம்தான்.

நேராக்கிய பிறகு கை நடுங்கியது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று கருவிப் பலகையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரான்ஸ்பாண்டர் திருகு ஸ்டாண்ட்பையில் இருந்தது. காலையில் ஓடுபாதைக்கு உருட்டிக்கொண்டு போகும்போது ஸ்டாண்ட்பையில் வைத்திருக்கிறேன். புறப்படும் முன் ஆல்ட்டுக்கு மாற்ற வேண்டியது, மாற்றவில்லை. போன வழி, வந்த வழி, எதிலும் பார்க்கவில்லை. ரேடார் இல்லாத ஊர், கேட்கவும் ஆளில்லை. இப்போது திருப்பினேன். கிளிக், கிளிக். ஓரத்தில் இருக்கும் சின்ன ஆரஞ்சு விளக்கு உடனே சிமிட்ட ஆரம்பித்தது. யாராவது கேள்வி கேட்டுப் பெட்டி பதில் சொல்லும்போதுதான் அது சிமிட்டும். இவ்வளவு நேரமும் ஏடிஆர் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இறங்கிய பின் சொல்லாமல் விட்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்தும்போது எப்படியும் திருகை அணைத்துவிடுவோம், யாருக்குத் தெரியும்? தலைமைப் பயிற்சியாளர் மதுரைக்காரர். அறைக்குள் போய் நின்றேன். "சார், ஸ்டாண்ட்பையில இருந்துச்சு" என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். பேனாவை என் பக்கம் தள்ளினார். "உட்கார்ந்து எழுது தம்பி. பூசி மெழுகாம எழுது. நாளைக்குப் பறக்க வேணாம், நாளன்னைக்கு என்கூட வா."

படிவத்தில் 'எவ்வளவு தூரத்தில் கடந்தது' என்று ஒரு கட்டம் இருந்தது. 500 மீட்டர் என்று எழுதினேன். ஏடிஆர் விமானி 300 என்று எழுதியிருந்ததாகச் சார் பிறகு சொன்னார். எது சரி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே அளந்து சொல்லியிருக்கக்கூடிய ஒரே கருவி ஏடிஆரின் டிகாஸ். அது கேட்டபோது என் பெட்டி பதில் சொல்லவில்லை.